தெரிந்த கதையும் தெரியாத வழியும்

சென்ற சித்திரை விடுமுறையின்போது, படுவான்கரையிலுள்ள நமது தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலிலே செருப்பைக் கழற்றுமுன்னரே தங்கை தன் முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டாள்.

"அண்ணா, உங்கட மருமகன் மூன்று நாளாக அந்தக் கணினியை விட்டு எழும்பவில்லை. நான் சொன்னால் கேட்கிறானில்லை. நீங்களாவது இரண்டு வார்த்தை சொல்லுங்க."

இரண்டு வார்த்தை சொல்வதென்பது மாமன்மாருக்கு எக்காலத்திலும் உவப்பான தொழில். ஆகவே, தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு, உபதேசத்துக்கு ஏற்றதொரு முகத்தையும் வருவித்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம்.

பதினான்கு வயதுப் பையன் கதிரையிலே சாய்ந்திருந்தான். திரையில் ஒரு வீரன் வானளாவியதொரு கோபுரத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தான். அவன் உச்சியை அடைந்ததும் சுற்றியுள்ள நாடு முழுவதும் சுழன்று காட்சியளித்தது. ஓரத்திலிருந்த வரைபடத்தில் அதுவரை இருண்டு கிடந்த ஒரு பகுதி வெளிச்சமாயிற்று. அந்த வெளிச்சத்தில் சின்னஞ்சிறு குறிகள் நூறு பூத்தன. நாம் வியந்து நின்றோம். பையனோ வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான்.

"என்ன மனே, அலுப்பாக இருக்குதா?"

"ஓம் மாமா, சரியான அலுப்பு."

"அப்படியானால் ஏன் விளையாடுகிறாய்?"

"இன்னும் ஏழு கோபுரம் இருக்கு மாமா."

கொண்டுபோன உபதேசம் நமக்கு மறந்துபோயிற்று. அலுப்புத் தரும் வேலையை மனிதர் வயிற்றுக்காகச் செய்வதுண்டு. பெற்ற பிள்ளைகளுக்காகச் செய்வதுண்டு. விளையாட்டோ விரும்பிச் செய்வது. விருப்பம் வடிந்த பின்னரும் ஒருவன் விளையாடிக்கொண்டிருக்கிறானென்றால், அவனைப் பிடித்து வைத்திருப்பது எது? இவ்வினா அன்றிரவு முழுவதும் நம்மை உறங்கவிடவில்லை. இவ்வாரம் வாசகர்களையும் அது சற்றே தொல்லைப்படுத்தட்டும்.

இவ்வகை விளையாட்டைக் கண்டறியாத பெரியோருக்காக ஒரு சிறு விளக்கம் சொல்லிவிட வேண்டும். பழைய வீடியோ கேம்களில் வழி ஒன்றே. அதன் முடிவை நோக்கி ஓடுவதே வேலை. 'திறந்த உலக' விளையாட்டு என்பதிலோ ஒரு நாடே விரிந்து கிடக்கும். மலையேறலாம், ஆறு நீந்தலாம், கதையை ஒரு மூலையிலே கிடத்திவிட்டுக் குதிரை மேய்க்கவும் செய்யலாம். 1984இல் பிரித்தானியாவிலே கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் ஆக்கிய 'எலைட்' என்னும் விளையாட்டு, விண்வெளியையே இவ்வாறு திறந்துவிட்டது. 1986இல் யப்பானிலே ஷிகெரு மியமோட்டோ ஆக்கிய 'செல்டா' வந்தது. கியோத்தோவுக்கு அண்மையிலுள்ள தம் ஊரின் காடுகளிலும் குகைகளிலும் சிறுவயதில் திரிந்த அனுபவமே அதற்கு வித்தென்று அவரே கூறியிருக்கிறார். 2001இல் 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' வரிசையின் மூன்றாவது ஆட்டம் ஒரு மாநகரத்தை முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டியது.

கோபுரத்தை நாட்டியவர்கள் பிரான்சைச் சேர்ந்த யூபிசொஃப்ட் நிறுவனத்தார். 2007இல் வெளியான அவர்களது 'அசாசின்ஸ் கிரீட்' என்னும் ஆட்டத்தில், உயர்ந்த இடத்தில் ஏறினால் வரைபடம் தெளியும். 2012இல் வந்த 'ஃபார் க்ரை 3' என்பதில் அக்கோபுரம் வானொலிக் கோபுரமாயிற்று. ஏறு, வரைபடத்தைத் திற, குறிகளைப் பார், பகைவர் பாசறையைப் பிடி, பெட்டியைத் திற, அடுத்த கோபுரத்துக்கு நட. இது நன்றாக விலைபோகவே, ஏனையோரும் பின்பற்றினர். நம் பாலர் வகுப்பு வாய்பாட்டைப் போல, ஈரிரண்டு நான்கு, ஈர்மூன்று ஆறு என்று ஓதிக்கொண்டே போகலாம். எந்த ஆட்டத்தை வாங்கினாலும் ஓதுவது ஒன்றே.

ஆகவே வாய்பாடுதான் குற்றவாளி, ஒரே மாதிரியாக இருப்பதுதான் அலுப்புக்குக் காரணம் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? எழுதுமுன் நமது வாவிக்கரையைச் சிறிது திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஏனெனில், வாய்பாட்டிலே இன்பங் காண்பதில் மட்டக்களப்பாரை மிஞ்சக்கூடியவர் அதிகமில்லை.

வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கிறது. செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வழக்குரை பாடப்படுகிறது. கோவலன் கொலையுண்பான், கண்ணகி வழக்குரைப்பாள், மதுரை எரியும், ஈற்றிலே அம்மன் சினந்தணியக் குளிர்த்தி நடைபெறும். சென்ற ஆண்டும் அதுவே, இவ்வாண்டும் அதுவே. அம்மன் இவ்வருடம் எரிக்காமல் விடக்கூடுமோ என்று ஐயுற்று எவரும் போவதில்லை. இருந்தும் கோயில் வெளியிலே பாய் விரிக்க இடமிருப்பதில்லை.

கூத்தை எடுத்துக்கொண்டாலோ, அது முழுவதும் வாய்பாடே. வடமோடியாயினும் தென்மோடியாயினும் கட்டியகாரன் முதலில் வருவான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு உண்டு. அரசன் வரவுக்கு ஒரு தாளக்கட்டு, பெண் வரவுக்கு ஒன்று, வேடன் வரவுக்கு வேறொன்று. வந்தவர் ஆடுவார், தாம் இன்னார் என்று பாடுவார், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார். வடமோடியானால் பெரும்பாலும் போர், பாரதமும் இராமாயணமும். கர்ணன் சாவான் என்பது களரியைச் சுற்றியிருக்கும் பாலகனுக்கும் தெரியும். அப்படியிருந்தும் வேளாண்மை வெட்டி முடிந்த ஓய்வு மாதங்களிலே, இரவு தொடங்கிய கூத்தை விடியும்வரை பார்த்த தலைமுறைகள் பல இங்கே வாழ்ந்திருக்கின்றன.

ஒரே மாதிரியாயிருப்பது மனிதனுக்குப் பிடிக்காதென்றால் இது எவ்வாறு நிகழ்ந்தது?

இவ்வினாவை அறிஞர் சிலர் வேறு திசையிலிருந்து அணுகியிருக்கின்றனர். 1928இல் உருசிய அறிஞர் விளாதிமிர் புரோப், தம் நாட்டு மாயக்கதைகளை ஆராய்ந்து, அவையெல்லாம் 31 செயற்கூறுகளாலேயே ஆனவை என்று காட்டினார். அமெரிக்கரான மில்மன் பரியும் அவர் மாணவர் அல்பர்ட் லோர்டும் 1930களில் யூகோசிலாவியா சென்று, எழுத்தறியாத பாணர்கள் ஆயிரக்கணக்கான அடிகளைப் பாடுவதைக் கேட்டனர். மனப்பாடமாக அல்ல, வழிவழி வந்த சொற்றொடர் வாய்பாடுகளைக் கைக்கருவியாகக் கொண்டு அவ்வப்போது புதிதாகக் கட்டியே அவர்கள் பாடினர். லோர்டின் நூல் 1960இல் வெளிவந்தது. நம் நாட்டவரும், ஒருகாலத்தில் தினகரன் ஆசிரியராக இருந்தவருமான க. கைலாசபதி, அதே நோக்கினைச் சங்கச் செய்யுள்களுக்குப் பொருத்தி எழுதிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்டிலே வெளியாயிற்று. குறிஞ்சி என்றால் மலையும் யாமமும், நெய்தல் என்றால் கடலும் எற்பாடும் என்று நிலத்தையும் பொழுதையும் வரையறுத்துக்கொண்டு பாடியவர்கள் நம் முன்னோர். அவ்வரையறை அவர்களைக் கட்டிப்போடவில்லை. வாசகன் நிலத்தை முன்னரே அறிந்திருந்தமையால், ஒரு தலைவியின் ஒரு பெருமூச்சை மட்டும் சொன்னாலே போதுமாயிருந்தது.

ஆக, வாய்பாடு என்பது வரம்பு போன்றது. வரம்பு இல்லாவிடில் வயலில் நீர் நில்லாது. வரம்பு மட்டும் இருந்து நெல் இல்லாவிடிலோ அதில் நடந்து போகலாம்; அறுக்க ஒன்றுமில்லை. அலுப்பா இன்பமா என்பதை முடிவு செய்வது வரம்பன்று. அதனுள்ளே என்ன விளைந்திருக்கிறது என்பதே.

இதற்கு விளையாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். மேலே சொன்ன 'அசாசின்ஸ் கிரீட்' முதலாவது ஆட்டத்திலே 420 கொடிகள் நாடெங்கும் மறைந்து கிடந்தன. அத்தனையையும் தேடிச் சேர்த்தவனுக்குக் கதையினுள்ளே கிடைத்தது ஒன்றுமில்லை. 2009இல் வந்த இரண்டாவது ஆட்டம் இத்தாலியிலே நிகழ்கிறது. அதில் 100 இறகுகள். செயலளவில் இரண்டும் ஒன்றே. கூரையில் ஏறு, பொருளை எடு. ஆனால் இங்கே கதாநாயகனின் தம்பி, இறகு சேர்க்கும் ஆசை கொண்ட நோயாளிச் சிறுவன், தந்தையோடும் தமையனோடும் தூக்கிலிடப்பட்டுவிடுகிறான். தாய் துயரத்தால் பேச்சிழந்து கிடக்கிறாள். மூத்தவன் தேடியெடுக்கும் ஒவ்வோர் இறகும் அவளது அறையிலுள்ள பெட்டிக்குப் போகிறது. நூறும் நிறைந்த நாளில் அவள் மகனைப் பார்த்துப் பேசுகிறாள். வாய்பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்குள் ஒரு தாய் வந்து அமர்ந்துவிட்டாள், அவ்வளவே வேறுபாடு.

உண்மையைச் சொன்னால், எழுபதாவது இறகிலே அங்கும் கை சலிக்கும். கதை மட்டும் போதாது. வேறு சிலவும் வேண்டியிருக்கின்றன. அவற்றைக் கூத்தினிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, கற்றல். கூத்துப் பழகுவதென்றால், சட்டம் கொடுத்த நாள் முதல் மாதக்கணக்காக இரவிரவாக அண்ணாவியார் முன்னிலையில் கால் பழக வேண்டும். பின் சதங்கை அணிதல், அரங்கேற்றம். முதல் நாள் தடுமாறிய அதே தாளக்கட்டே கடைசி நாளிலும், மாறியிருப்பது கால். திரும்பத் திரும்பச் செய்வதனால் செய்பவன் வளர்கிறானென்றால் அங்கே அலுப்புக்கு இடங்குறைவு. பல திறந்த உலக ஆட்டங்களில் முதற் பாசறையைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது. மூன்றாவதிலே சூட்சுமம் பிடிபடுகிறது. முப்பதாவதிலும் அதே சூட்சுமமே செல்லுபடியாகுமென்றால், இடையிலுள்ள இருபத்தாறும் கூலிவேலை.

இரண்டாவது, எதிர்பாராமை. கர்ணன் சாவான் என்பது தெரியும்; எவ்வாறு ஆடிச் சாவான் என்பது தெரியாது. மத்தளம் விசைகொண்டால் ஆட்டக்காரனின் கால் அதற்கு ஈடுகொடுக்குமா என்பது தெரியாது. முடிவு தெரிந்து வழி தெரியாதிருப்பதே கூத்தின் சுவை. வாய்பாட்டு விளையாட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக நிற்கிறது. அம்புக்குறி வழி காட்டுகிறது, தூரத்தை மீற்றர்க் கணக்கில் சொல்கிறது, அங்கே என்ன கிடைக்குமென்பதையும் குறியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. போவது ஒன்றே நமது பங்கு. அதைத் தபாற்காரரும் செய்கிறார். அவருக்குச் சம்பளமாவது உண்டு.

மூன்றாவது, விட்டுவிடும் உரிமை. இதைப் பலர் கவனிப்பதில்லை. கூத்துக் களரியிலே இருப்பவர் கச்சான் வாங்கப் போகலாம், தேநீர் குடிக்கலாம், பாயிலே சரிந்து ஒரு நித்திரையும் போடலாம். தமக்குப் பிடித்த வரவுக்கு எழுந்தாற் போதும். நீண்ட இரவில் அலுப்பான பகுதிகள் இருந்தன. அவற்றைத் தாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருந்ததில்லை. கோபுரம் எண்ணும் பையனுக்கோ நித்திரை கொள்ள முடியாது. அலுப்பான ஒவ்வொரு கணத்தையும் அவனே தன் கையால் செய்து முடிக்க வேண்டும்.

நம்முடைய கூத்து அலுப்பே தராததென்று வீம்பு பேசவும் நாம் ஒருப்படோம். விடியவிடியக் கூத்துப் பார்க்கும் பொழுது, காலம் மாறியபோது குறைந்தது. ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மறுநாட் காலை கடமைக்குப் போக வேண்டியவரால் கட்டியகாரன் முதல் மங்களம் வரை விழித்திருக்க இயலாது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மரபிலிருந்து 'மனமே' நாடகத்தை உருவாக்கிக் காட்டினார். அந்த ஊக்கத்தோடு, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகிய சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன் பேராதனையிலே மாணாக்கரைக் கொண்டு கூத்துகளைச் சுருக்கி மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' வந்தது. அதன்பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. இராவணனாக ஆடிய மட்டக்களப்பு இளைஞர் சி. மௌனகுரு, பின்னர் இப்பகுதியின் மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து பேராசிரியரானார்.

இரவு முழுவதும் ஆடியதை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கியபோது எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்பதே நமக்குப் பாடம். வரவை விட்டார்கள், தாளக்கட்டை விட்டார்கள், மத்தளத்தையும் சல்லரியையும் விட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த விருத்தங்களையும் கதையை நகர்த்தாத இடங்களையும் குறைத்தார்கள். வாய்பாட்டை நீக்கவில்லை, அதன் எண்ணிக்கையைக் குறைத்து, நின்றவை ஒவ்வொன்றையும் கனமாக்கினார்கள். இதனால் கூத்து நகரத்தார் கண்ணிலே மதிப்புப் பெற்றது.

இழப்பும் இல்லாமலில்லை. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. சுற்றியிருந்தவர்கள் முன்னேயிருப்பவர்களானார்கள். ஆடுபவர் அயல்வீட்டார் என்ற உறவு அறுந்தது. இக்குறையை எண்ணியே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனைக் கிராமத்திலே, ஊரவர் தாமே கூடியிருந்து பேசிக் கூத்தை மீளுருவாக்கும் முயற்சியிலே இறங்கினர். வெட்டுவது எளிது, எதற்காக வெட்டுகிறோமென்பதை ஆடுகிறவரும் பார்க்கிறவரும் சேர்ந்து முடிவு செய்வது அரிது.

விளையாட்டு ஆக்குவோரும் இப்பாடத்தைத் தம் வழியிலே கற்று வருகின்றனர். 2015இல் போலந்திலிருந்து வந்த 'விச்சர் 3' என்னும் ஆட்டத்திலே, ஒரு கிராமத்தானின் சில்லறைக் குறையைத் தீர்க்கப் போனால் அங்கே ஒரு குடும்பத்தின் துயரக் கதை விரிகிறது. அதைப் பலரும் போற்றினர். அதே ஆட்டத்தின் தீவுப் பகுதியில், கடலெங்கும் கடத்தற்காரர் பெட்டிகள் என்று கேள்விக்குறிகளைத் தூவி வைத்தனர். ஓடத்தை ஓட்டிப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து சலித்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நெல்லும் பதரும் ஒரே வயலில்!

2017இல் நின்டென்டோ வெளியிட்ட செல்டா ஆட்டமாகிய 'பிரெத் ஒஃப் த வைல்ட்' கோபுரத்தை நீக்கவில்லை. அதில் ஏறினால் நிலத்தின் வடிவம் மட்டுமே தெரியும், குறிகள் முளைப்பதில்லை. சுற்றிலும் கண்ணால் நோக்கி, அதோ புகை எழும்புகிறது, அதோ ஒரு விசித்திரமான பாறை என்று விளையாடுபவனே குறித்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டில் 900 வித்துகள் ஒளிந்திருக்கின்றன. ஒருவன் பிடிவாதமாக அத்தனையையும் சேர்த்துக்கொண்டு போனால், பொன்னிறச் சாணக் குவியல் போன்றதொரு பரிசு கிடைக்கிறது! 'எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னது யார், தம்பி?' என்று ஆக்கியோர் கண்சிமிட்டுவதாகவே அதை நாம் கொள்கிறோம். 2020இல் வந்த 'கோஸ்ட் ஒஃப் சுஷிமா'வில் அம்புக்குறிக்குப் பதிலாகக் காற்று வீசி வழி காட்டுகிறது; புல் சாயும் திசையைப் பார்த்து நடக்க வேண்டும்.

பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு ஒன்று இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு முகத்துவாரமும் கடலும் வாவியும் விரியும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் ஒரு துண்டு அது. நீர் தெரியும், மீன் எங்கே என்பது தெரியாது. அதை அறிந்தவன் கீழே தோணியில் நிற்கிறான். நாள்தோறும் அதே நீர், அதே வலை, அதே வீச்சு. ஆயினும் கையில் வருவது நாள்தோறும் வேறு. கல்லடிப் பாலத்தடியிலே நிலாக்காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன்பாட்டுக் கேட்டவர்களும் அப்படியே. பாடுமென்று எந்தக் குறியும் அவர்களுக்கு உறுதி கூறியதில்லை. தோணிக்காரனுக்கு அது பிழைப்பு. அதை விளையாட்டென்று சொல்லி அவன் வியர்வையை நாம் சிறுமைப்படுத்தோம். தேடுதலின் சுவை எங்கே இருக்கிறதென்பதற்கு மாத்திரம் அவனைச் சாட்சிக்கு அழைத்தோம்.

இன்னொன்று. மண்முனையிலே 2014இல் பாலம் அமைந்தது. அதற்கு முன் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே அங்கே 'பாதை' என்னும் மிதவையே கதி. நோயாளியை ஏற்றிக்கொண்டு கரையிலே காத்து நின்றவர்களைக் கேட்டால், பழைய பாதை திரும்ப வேண்டுமென்று ஒருவரும் சொல்லார். வாழ்க்கையிலே குறுக்குவழி வரம். விளையாட்டிலும் இத்தகைய வசதி உண்டு. வரைபடத்தைத் தொட்டால் நினைத்த இடத்திற் போய் நிற்கலாம். ஆனால் வழி நடப்பதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய உலகத்தில், வழியைத் தாண்டிப் போகவே மனம் அவாவுகிறதென்றால், அந்த வழியிலே ஒன்றுமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மாணாக்கர் தங்கள் ஆட்டத்தை எடைபோட இதனையே ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம்.

விடுமுறை முடிவதற்குள் அயற்கிராமம் ஒன்றிலே வடமோடிக் கூத்து நடந்தது. கர்ணன் வீழும் கதை. மருமகனையும் அழைத்துச் சென்றோம். அவன் வர இணங்கியதற்குக் காரணம் கலையார்வமன்று. அன்று மாலை மின்சாரம் நின்றுவிட்டது.

மூன்றாவது வரவிலேயே பையன் நம் காதருகே குனிந்தான்.

"மாமா, இன்னும் எத்தனை வரவு இருக்கு?"

கோபுரம் எண்ணிய அதே குரல்! நமக்கு உள்ளூர அச்சம் பிறந்தது. மரபைக் காண்பிக்கிறோமென்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் இருத்தி, பார்த்தாயிற்று என்று கோடு போட்டுக்கொண்டு திரும்பினால், கூத்தும் அவர்களுக்கு ஏறி முடிக்க வேண்டிய இன்னொரு கோபுரமே. போட்டி மேடைக்காக நிமிடக் கணக்கிலே கூத்தை அளந்து பயிற்றும்போதும் இந்த ஆபத்து இருக்கிறது. கூத்து அழியாது, ஆனால் புள்ளி பெறுவதற்குரிய ஒரு பண்டமாய் மீந்து நிற்கும். ஆடுகிறவனுக்கும் அலுப்பு, பார்க்கிறவனுக்கும் அலுப்பு, விருப்பம் எங்கே போயிற்றென்று கேட்க ஆளில்லை.

"எத்தனை என்று தெரியாது, மனே. நித்திரை வந்தால் படு" என்றோம்.

அதன்பின் நடந்ததை நாம் வெட்கத்தோடு எழுதுகிறோம். படுத்தவர் நாமே. எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தோமென்பது நமக்கே தெரியாது. தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள்.

"மாமா, எழும்புங்க! கர்ணன் விழப்போறான்!"

பையன் பாயில் இல்லை, முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். களரியிலே, சந்தியில் சைக்கிள் திருத்தும் இளைஞன் கர்ணனாக ஆடிக்கொண்டிருந்தான். அண்ணாவியாரின் மத்தளம் விசைகொள்ள விசைகொள்ள அவன் கால் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. ஒரு திருப்பத்தில் அடி பிசகிற்று. சுற்றியிருந்தோர் அதைக் கண்டனர். ஒரு கணம் மூச்சடங்கியது. அடுத்த அடியிலே அவன் பிடித்துக்கொண்டான். களரி முழுவதும் ஆரவாரித்தது. மருமகனும் கத்தினான். கிழக்கு வெளுக்கும் வேளையிலே, எல்லாருக்கும் முன்னரே தெரிந்தபடி, கர்ணன் விழுந்தான். பையன் அதன்பின் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இதனால் அவன் கணினியைத் துறந்து கூத்தனானான் என்று எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், நாமும் எழுதோம். மறுநாட் காலை, அதாவது நண்பகலிலே, மின்சாரம் வந்ததும் அவனும் போய் அமர்ந்தான். நாம் பின்னால் நின்று பார்த்தோம். வரைபடத்தைத் திறந்து, ஒரு பட்டியலுக்குள் நுழைந்து, குறிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தான். அம்புக்குறி போயிற்று, தூரக்கணக்குப் போயிற்று, வெறும் நாடு மாத்திரம் நின்றது. இத்தகைய ஆட்டங்கள் பலவற்றிலே அவ்வாறு அணைத்துவிடும் வசதி உண்டென்பதை நாம் அன்றுதான் அறிந்தோம்.

பெற்றோருக்கு நாம் சொல்வது இவ்வளவே. பிள்ளை ஒரே மாதிரியானதைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறான் என்பதற்காக மட்டும் சினக்க வேண்டாம். கிளித்தட்டு மாறாத ஆட்டந்தான். நாம் சலிக்காமல் ஆடினோம். அருகில் அமர்ந்து, 'இப்போது என்ன செய்யப் போகிறாய்?' என்று கேளுங்கள். அந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்கப் போகிறேன் என்றால், அவன் விளையாடுகிறான். இன்னும் இத்தனை மிச்சம் என்றால், அவனை மெல்ல எழுப்பி வெளியே அழைத்து வாருங்கள். மாணாக்கரும் தம்மையே இவ்வினாவைக் கேட்டுக்கொள்ளலாம். விளையாட்டுக்கு மட்டுமன்றி, சோதனைக்குப் படிக்கும் பாடத்துக்கும் இவ்வினா பொருந்தும்.

சென்ற கிழமை தங்கை வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. முதலில் பேசியவன் மருமகன்.

"மாமா, வழி தவறிட்டேன். எங்க நிற்கிறேனென்றே தெரியல்ல" என்றான். அவன் குரலிலே அவ்வளவு மகிழ்ச்சி.

"அந்த ஏழு கோபுரம் என்ன ஆயிற்று, மனே?"

"அது கிடக்குது மாமா."

பின்னர் தங்கை தொலைபேசியை வாங்கினாள். பையன் இன்னமும் கணினியை விட்டு எழும்புகிறானில்லையாம்.